துடைப்பம்

வார நாட்களில் மூன்றாம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
மே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு
ரீகா மாரத்தானின் வாலைப் பிடித்துக்கொண்டு
மணிக்கு ஏழு கிலோமீட்டரில் ஊர்கிறேன்.
முடியாமல் நின்றவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும்.
பணிமனையில் இந்த வண்டிக்குத்
துடைப்பம் என்று பெயர்.

இருபத்தெட்டாவது கிலோமீட்டருக்குள்
பதினோரு பேர் ஏறிவிட்டார்கள்.
வெள்ளித்தாளைப் போர்த்திக்கொண்டு
அடுப்பில் வைக்க மறந்த மீன்களாக உட்கார்ந்திருந்தார்கள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஓயார்ஸ் என்ற பையன் மட்டும்
கழற்றிய காலணியை மடியில் வைத்து
அதனிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே மிச்சம் ஒருத்தி.
எண் 4417, வெல்தா.
அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
நடை என்றால் அவள் சண்டைக்கு வருவாள்.

கதவைத் திறந்து, "ஏறுங்கள், தேநீர் இருக்கிறது" என்றேன்.
"என்ன தேநீர்?"
"எலுமிச்சை போட்டது."
"எலுமிச்சை எனக்குப் பிடிக்காது."
போய்விட்டாள்.

லைலாக் பூத்த வேலியோரம்
தொலைக்காட்சிக்காரன் மாதிரி நானும் கேட்டேன்:
எதற்காக ஓடுகிறீர்கள்?
இறந்துபோன கணவன், தீர்ந்துபோன நோய்,
யாருக்கோ கொடுத்த வாக்கு,
ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.
"பிப்ரவரியில் பணம் கட்டிவிட்டேன்.
திருப்பித் தர மாட்டார்களாம்."

முப்பத்து நான்கில்
கேட்காமலே அவள் பேசினாள், என்னிடம் அல்ல,
முன் சக்கரத்திடம்:
மீன் ஆலையில் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் டப்பா மூடுகிறேன்.
இரண்டாயிரம் என்று நினைத்தால்
முதல் டப்பாவிலேயே கை நின்றுவிடும்.
எண்ணுவது மேற்பார்வையாளன் வேலை.
நான் மூடியைப் பார்ப்பேன்.

பாலத்தில் தௌகவா ஆற்றின் காற்று
அவளை ஓர் அடி முன்னே விட்டு
அரை அடி பின்னே வாங்கியது.
என் பின்னால் இருக்கைகள் முனகின.
திரும்பிப் பார்த்தால்
மீன்கள் எல்லாம் எழுந்து
இடப்பக்கச் சன்னலில் நிற்கின்றன.

முப்பத்தொன்பதில் வானொலிப்பெட்டி கரகரத்தது:
ஆறு மணி நேரம் முடிந்தது, சாலையைத் திற.
சொன்னேன்.
அவள் தலையாட்டிவிட்டு நடைபாதையில் ஏறினாள்.
அடைத்து வைத்த கார்கள் அவிழ்ந்து பாய்ந்தன.
முதல் குறுக்குச் சாலையில் சிவப்பு விளக்கு.
நின்றாள்.
ஒரு வண்டியும் வராத சாலைக்கு
மரியாதை கொடுத்து
நின்ற இடத்திலேயே கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஓயார்ஸ் காலணியை மாட்டினான்.
"கதவைத் திறங்கள்."
ஏறியவர் இறங்கக் கூடாது, விதி.
"போட்டிதான் முடிந்துவிட்டதே.
இப்போது நான் வெறும் பயணி. இது என் நிறுத்தம்."
இருபத்திரண்டு வருடமாக இந்தப் பொத்தானை அழுத்துகிறேன்,
விரல் என்னைக் கேட்கவில்லை.
பத்தடி பின்னால் நொண்டிக்கொண்டே போனான்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது
வளைவின் காற்றைப் பிடுங்கியிருந்தார்கள்.
தரையில் சுருண்டு கிடந்தது.
பத்துப் பேரும் இறங்கினார்கள், வீட்டுக்குப் போகவில்லை.
ஒரு பெண் நிஜத் துடைப்பத்தால்
காகிதக் குவளைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
பணிமனைக்குத் திரும்ப வேண்டிய நேரம்.
எஞ்சினை அணைத்தேன்.

வந்தாள்.
கூட்டுகிறவளிடம் கேட்டாள்: "கோடு எங்கே இருந்தது?"
"அதோ, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில்."
துடைப்பக் கட்டை காட்டிய இடத்தைத் தாண்டிப் போய்
சந்தேகம் வந்து திரும்பி வந்து
இன்னொரு முறை தாண்டினாள்.
யாரோ கைதட்ட ஆரம்பித்து
தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்தினார்,
பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

ஆறிப்போன தேநீரைக் கேட்டு வாங்கிக்
கண்ணை இறுக்கி மூடிக் குடித்தாள்.
ஓயார்ஸ் இன்னும் வந்து சேரவில்லை.

இரவு படிவத்தில்
ஏற்றியவர்கள்: பதினொன்று என்று எழுதி
அடித்துவிட்டுப் பத்து என்றேன்.
குறிப்புகள் என்ற கட்டம் எப்போதும் காலியாகவே போகும்.
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு எழுதினேன்:
அடுத்த ஆண்டு தேநீரில்
எலுமிச்சை வேண்டாம்.